பிலாமரத்து வல்லூறு

களியக்காவிளைச் சந்தையில் நின்று, "இங்க பருந்து உண்டா?" என்று யாரிடம் கேட்டாலும் கை தானாக வானத்தைக் காட்டும். காட்டுவதில் தப்பில்லை. மீன்கூடை இறங்கும் இடமெல்லாம் செம்பருந்து வட்டமடிக்கும். வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமாக அது மேலே போவதைக் கண்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ்நாடு-கேரள எல்லைக் கிராமங்களில் இன்னொரு வேட்டைப் பறவையும் உண்டு. அதைத் தேடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பிலாமரத்தின் நடுக்கிளையைப் பார்க்க வேண்டும்.

வல்லூறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். சில தமிழ்ப் புத்தகங்கள் வைரி என்றும் எழுதும், மலையாளத்தில் பிராப்பிடியன். ஊர்க்காரர்கள் பலருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. கொக்கிபோல வளைந்த அலகு இருந்தால் அது பருந்து, அவ்வளவுதான்.

ஆள் அப்படியொன்றும் பெரியவனல்ல. மாடப்புறா அளவு, சுமார் 30 சென்டிமீட்டர். ஆணுக்கு முதுகு சாம்பல் நிறம்; வெளிறிய நெஞ்சில் துருநிறக் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடும். தொண்டை நடுவில் மெல்லிய கருங்கோடு ஒன்று. கண் சிவப்பு. பெண் கொஞ்சம் பெரிது, முதுகில் பழுப்பு கூடுதல், கண் மஞ்சள். இளம்பறவைக்கு உடம்பெல்லாம் பழுப்பு. நெஞ்சில் குறுக்குக் கோட்டுக்குப் பதில் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டாகக் கறை. இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்கள் மூன்று வேறு பறவைகள் என்றே நினைத்துவிடுவார்கள்.

இதன் பெயர் அறிவியல் ஏட்டில் ஏறிய கதை இலங்கையில் தொடங்குகிறது. அங்கே பிடித்த பறவை ஒன்றை வைத்து ஆங்கிலேய இயற்கையியலாளர் பீட்டர் பிரவுன் 1776இல் படத்தோடு விவரம் வெளியிட்டார். அதை ஆதாரமாகக் கொண்டு ஜெர்மானியரான கிமெலின் 1788இல் அதற்கு முறைப்படி பெயர் சூட்டினார். நீண்ட காலம் அக்சிபிட்டர் என்ற பெரிய பேரினத்துக்குள் கிடந்த வல்லூற்றை, மரபணு ஆய்வுகளை வைத்து 2024இல் டாக்கிஸ்பைசா என்ற பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பாறசாலைக்காரர்களுக்கு அதைவிட ருசியான செய்தி வேறொன்று. இந்தியாவின் பெரும்பகுதியில் வாழ்வது ஒரு துணையினம். தென்மேற்கு இந்தியாவில் வாழ்வது இலங்கையிலுள்ள அதே துணையினம். உறவுமுறை பார்த்தால் இந்த ஊர் வல்லூற்றுக்கு டெல்லிப் பறவையைவிடக் கண்டிப் பறவைதான் நெருங்கிய சொந்தம்.

காடு எங்கே இருக்கிறது?

வல்லூற்றின் உடம்பு மரங்களுக்கு நடுவே பறப்பதற்காக ஆனது. செம்பருந்தின் நீண்ட இறக்கை, ஏறும் வெயில் காற்றில் மணிக்கணக்காக மிதப்பதற்கு நல்லது. ஆனால் கிளைகளுக்கிடையில் புகுந்தால் முட்டிக்கொள்ளும். வல்லூற்றுக்கு இறக்கை குட்டை, நுனி உருண்டை. வால் மட்டும் நீளம். வேகமாகப் போகும்போதே சட்டென்று திரும்பவும் நிற்கவும் அந்த வால் வள்ளத்துச் சுக்கான் மாதிரி வேலை செய்யும். நாலைந்து தடவை படபடவென்று அடித்துவிட்டு ஒரு சறுக்கல், மறுபடி படபடப்பு. தூரத்திலிருந்தே ஆளைக் காட்டிக்கொடுப்பது இந்தப் பறக்கும் விதம்தான்.

சரி, மரங்களுக்காகப் பிறந்த பறவைக்கு இந்த எல்லைக் கிராமங்களில் காடு எங்கே? வனத்துறையின் வரைபடத்தில் தேடினால் கிழக்கே மலையடிவாரம் வரை போக வேண்டும். 1958இல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது, 128 சதுர கிலோமீட்டர். பாறசாலை, தனுவச்சபுரம், குன்னத்துகால், காரக்கோணம், பனச்சமூடு எல்லாம் ஆள் நெருக்கமான ஊர்கள். ஒரு வீடு முடியும் இடத்தில் அடுத்த வீட்டு மதில் தொடங்கிவிடும்.

ஆனால் அந்த மதிலுக்குள் எட்டிப்பாருங்கள். உயரத்தில் தென்னையும் கமுகும். அதற்குக் கீழே பிலா, மாமரம், அயினி, புளி, கொல்லாமரம். அவற்றின் மேல் தொற்றி ஏறிய நல்லமிளகுக் கொடி. இன்னும் கீழே வாழை, மரச்சீனி, சேம்பு. தரையெல்லாம் சருகு. காட்டில் இருப்பதுபோலவே மாடிமாடியாக இலை. சருகில் ஓணான், கொடியில் அணில், வாழைப்பூவில் தேன்சிட்டு, அயினிச்சக்கை பழுத்தால் அதைச் சுற்றி மைனாவும் குக்குறுவானும். ஒரு வல்லூற்றுக்கு வேண்டியதெல்லாம் அரை மைலுக்குள் கிடைத்துவிடுகிறது. மனிதர்கள் அதை வீட்டுவிளை என்கிறார்கள். பறவைக்கு அதுதான் காடு.

எல்லா மரக்கூட்டமும் அப்படியல்ல. வெள்ளறடை பக்கம் ஏறஏற ரப்பர் கூடிக்கொண்டே போகும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் அடர்ந்த காடு போலத்தான். உள்ளே போனால் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இனம். அடியில் வெட்டிச் சுத்தம் செய்த தரை. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாகிவிடும். ஒளிந்திருந்து பாய்கிற பறவைக்கு ஒளிய இடமில்லை. பாய்வதற்கு இரையும் குறைவு.

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்ற பழைய பிலாமரத்தின் மிச்சம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. எதிரிகள் துரத்திவந்தபோது இளவரசர் மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஊர் வழக்கு. 1729இல் திருவிதாங்கூர்ப் பட்டத்துக்கு வந்தவர் அவர். ஓர் ஆள் ஒளியுமளவு பொந்து விழும்வரை ஒரு பிலாமரத்தை நிற்கவிட்ட ஊர் இது என்பதுதான் வல்லூற்றின் கதைக்கு வேண்டிய தகவல்.

கோழிக்குஞ்சு வழக்கு

வல்லூறு என்றதும் இந்த ஊர் அம்மச்சிமார் தொடுக்கும் முதல் வழக்கு கோழிக்குஞ்சைப் பற்றியது. "லேய் மக்களே, பருந்து வந்திருக்கு, குஞ்ச கடவத்த போட்டு மூடு!" என்று ஒரு குரல் எழுந்தால் மூன்று வீட்டுக் கோழிகள் கூடுதேடும். வழக்கில் உண்மை இல்லாமல் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் சின்னக் குஞ்சை அது தூக்கும். ஆனால் காக்கையும் கீரியும் பூனையும் செய்ததெல்லாம் சேர்த்து இதன் கணக்கில் எழுதப்படுவதும் உண்டு.

அதன் உண்மையான சாப்பாட்டுப் பட்டியல் வேறு. ஓணானும் பல்லியினமும் முதலில் வரும். பிறகு எலி, சுண்டெலி, அணில், சிறு பறவைகள், வெட்டுக்கிளி, தவளை, எப்போதாவது சின்னப் பாம்பு. கோடைமழை பெய்து புற்றிலிருந்து ஈசல் கிளம்பினால் இந்த வேட்டைக்காரன் கௌரவம் பார்ப்பதில்லை. தரையில் இறங்கி மைனாக்களோடு சேர்ந்து பொறுக்கித் தின்னும். அந்தி மங்கும் நேரத்தில் பழந்தின்னும் சிறு வௌவால்களைப் பிடிப்பதையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பிடிக்கும் முறையில் துரத்தல் குறைவு, காத்திருப்பு அதிகம். இலைமறைவில் அசையாமல் உட்காரும். கீழே ஓர் ஓணான் தலையசைத்தால் போதும், கிளையை விட்டுத் தாழ்ந்து தரையையொட்டி வரும். காலால்தான் பிடிக்கும், காலால்தான் கொல்லும். நகங்கள் இறுக இறுக இரை அடங்கும். ராஜாளி இனத்தைப்போல அலகால் கடித்து முடிக்கும் பழக்கம் வல்லூற்றுக் கூட்டத்துக்கு இல்லை. தப்பிக்கிற பறவைகளிடமும் உபாயம் உண்டு. சிறு குருவிகள் அடர்ந்த இலைக்குள் பாய்ந்துவிடும். சிறிய நீல மீன்கொத்தி ஒன்று, துரத்திய வல்லூற்றிடமிருந்து தண்ணீருக்குள் குதித்துத் தப்பியது பதிவாகியிருக்கிறது.

கோழியும் சும்மா இல்லை. சேவல் எழுப்பும் அபாயக் குரல் இரண்டு வகை. தரையில் நாயோ கீரியோ வந்தால் கொக்கரிப்பு, விட்டுவிட்டு, உரக்க. மேலே வேட்டைப் பறவை தெரிந்தால் மெல்லிய நீண்ட கீச்சொலி. கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் மூவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பதிவுசெய்த குரலை மட்டும் கேட்ட பெட்டைகள், எந்த எதிரியையும் பார்க்காமலே, தரைக் குரலுக்குத் தலைநிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தன. வான் குரலுக்கு மறைவிடம் தேடி ஓடின, மேலே நோக்கின. எந்தத் திசை ஆபத்து என்பது குரலிலேயே இருக்கிறது. அம்மச்சி கடவத்தோடு ஓடிவருவதற்கு முன்பே சேவல் தகவல் சொல்லி முடித்திருக்கும்.

பயந்து ஓடாத ஒரு கூட்டமும் விளையில் உண்டு. தவிட்டுக்குருவிகள். ஏழெட்டாகச் சேர்ந்து சருகைக் கிளறித் திரியும் இவை, வல்லூற்றைக் கண்டால் ஒன்றுகூடிச் சத்தம்போட்டு அதை மரம் மரமாக விரட்டும். மறைந்திருந்து பிடிப்பதே தொழிலாக உள்ளவனுக்கு, இருக்குமிடம் ஊருக்கே தெரிந்துவிட்டால் அன்றைக்குப் பிழைப்பு போச்சு.

வேஷம் போடுகிறவர்கள்

இந்தத் தவிட்டுக்குருவிகளை ஏமாற்றுவதற்காகவே வல்லூற்றின் உருவத்தைக் கடன்வாங்கிய பறவை ஒன்று இருக்கிறது. அக்காக்குயில். மலையாளத்தில் பேக்குயில். சாம்பல் முதுகு, நெஞ்சில் துருநிறம், கோடுபோட்ட நீள வால், அதே படபடப்பு, அதே சறுக்கல். கிளையில் வந்து உட்காரும் தோரணைகூட அச்சு அசல். அதன் குஞ்சுப்பருவ உடை வல்லூற்றின் குஞ்சுப்பருவ உடையை ஒத்திருப்பதுதான் உச்சம். தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டு வளர்க்கவிடும் குயிலுக்கு இந்த வேஷத்தால் என்ன லாபம்?

ஐரோப்பாவில் இதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது. அங்குள்ள குயிலும் அந்த ஊர் வல்லூறு போலவே நெஞ்சில் குறுக்குக்கோடு போட்டது. நிக் டேவிஸும் ஜஸ்டின் வெல்பர்கனும் 2008இல், தீனித் தட்டுகளுக்குப் பக்கத்தில் பாடம்செய்த குயிலையும் வல்லூற்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சிட்டுகள் இரண்டுக்கும் ஒரே அளவு பயந்தன. குயிலின் நெஞ்சுக் கோடுகளை மறைத்தபோது பயம் குறைந்தது. கூட்டுக்காரப் பறவை பயந்து விலகும் இடைவெளியில் குயிலின் காரியம் நடந்துவிடுகிறது.

இரண்டையும் பிரித்தறிய விரும்புகிறவர்கள் அலகைப் பார்க்கலாம். வல்லூற்றின் அலகு குட்டை, கொக்கிபோல வளைந்தது. குயிலின் அலகு ஏறக்குறைய நேர். குயிலின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு வேலை இன்னும் எளிது. மூன்று அசைகளில் சுருதி ஏற்றி ஏற்றித் தொண்டை கிழியக் கூவி நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தால் அது குயில். வல்லூறு அப்படியெல்லாம் கச்சேரி வைக்காது. 'டிட்டியூ' என்ற கூர்மையான இரட்டைச் சத்தத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் அந்தச் சத்தத்தையும் நம்ப முடியாது. கரிச்சான்கள் வல்லூற்றின் குரலை அப்படியே எடுப்பதில் கெட்டிக்காரர்கள். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் ஈபன் குட்டேலும் சரத் கொட்டகமவும் கரிச்சான்களை ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள்: ஆபத்து நேரத்தில் கரிச்சான் வேட்டைப் பறவைகளின் குரலையும், பிற பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் தன் கூச்சலோடு கலந்து எழுப்புகிறது. ஆகவே விளையில் வல்லூற்றின் குரல் கேட்டால் அங்கே இருப்பது வல்லூறாகவும் இருக்கலாம், அதன் எதிரியாகவும் இருக்கலாம்.

குடும்பம்

மார்ச் மாத வாக்கில் வல்லூறுகள் கொஞ்சம் வெளிப்படையாகத் திரியத் தொடங்கும். இணை இரண்டும் சேர்ந்து மாமரத்திலோ பிலாமரத்திலோ கிளை பிரியும் கவட்டில் சுள்ளி அடுக்கும். சுள்ளியை அலகிலும் கொண்டுவரும், காலிலும் கொண்டுவரும். கிடைத்தால் கம்பித் துண்டையும் சேர்த்துவைக்கும். காக்கைக் கூட்டைவிடச் சிறியது, அதைவிட ஒழுங்கும் குறைவு. உள்ளே கொஞ்சம் புல். வழக்கமாக மூன்று அல்லது நான்கு முட்டை. வெளிர் நீலச் சாம்பல் நிறம், பருத்த முனையில் கரும்புள்ளி. 18 முதல் 21 நாளில் பொரிக்கும்.

அடைகாப்பது பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பு, வேட்டை ஆணுடையது. இரையோடு வரும் ஆண் நேராகக் கூட்டுக்குப் போகாமல் பக்கத்து மரத்திலிருந்து குரல் கொடுக்கும். பெண் எழுந்துபோய் வாங்கிக்கொள்ளும். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் இதே ஏற்பாடுதான். ஓணானும் ஈசலும் மழைப்பூச்சிகளும் பெருகும் நாட்களில் குஞ்சுகளின் பசியும் உச்சத்தில் இருக்கும். கோடைமழைக்கும் ஜூன் முதல் வாரத்துப் பருவமழைக்கும் இடையில் கிடைக்கும் அந்த அவகாசத்துக்குள் பிள்ளைகளைக் கிளையேற்றிவிட வேண்டும்.

மனிதர்கள் இந்தச் சிறிய பறவையைப் பழக்கி வேட்டைக்கு விட்ட காலமும் உண்டு. வட இந்தியாவில் ராஜாளிகள் அரண்மனைச் செல்வங்கள். அவற்றுக்குத் தீனி பிடித்துக்கொடுக்கும் வேலைக்கு வல்லூறு. எளிதில் பழகும், தன்னைவிடப் பெரிய கவுதாரியையும் காக்கையையும்கூட விடாது என்று பேர் வாங்கியது. அங்கே வழங்கும் சிக்ரா என்ற பெயரைத்தான் 2009இல் மும்பையிலுள்ள கடற்படை ஹெலிகாப்டர் தளத்துக்கு வைத்தார்கள்.

சென்ட் கணக்கில் குறையும் காடு

திருவிதாங்கூரின் பறவைகளை எழுதிவைத்த மரபு பழையது. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்திலிருந்த ஃபெர்குசனும் வன அதிகாரி போர்டிலனும் சேர்ந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பட்டியல் வெளியிட்டார்கள். 1933இல் சாலிம் அலி சமஸ்தானம் முழுக்க நடந்து கணக்கெடுத்தார். 1958இல் இந்துசூடன் என்ற பெயரில் கே.கே. நீலகண்டன் எழுதிய 'கேரளத்திலே பக்ஷிகள்' மலையாளிகளை வீட்டு விளையிலேயே பறவை பார்க்க வைத்தது. அதன் பெரிய நீட்சி 2015க்கும் 2020க்கும் இடையில் தன்னார்வலர்கள் செய்த கேரளப் பறவை வரைபடம். மழைக்காலம், வறண்ட காலம் என இரண்டு பருவங்களிலும் மாநிலத்தைக் கட்டம் கட்டமாக நடந்து 361 இனங்களைப் பதிவுசெய்தார்கள். சரணாலயத்துக்கு வெளியே, ஊருக்குள் என்ன வாழ்கிறது என்பதற்கு இவ்வளவு அகலமான சாட்சி அதற்கு முன் இருந்ததில்லை.

உலக அளவில் வல்லூற்றுக்கு அழியும் ஆபத்து இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. ஊருக்குள் பிழைக்கப் பழகிய காட்டு வேட்டைப்பறவை இது ஒன்று மட்டுமல்ல. பெர்லின் நகரத்தின் பூங்காக்களில் இதன் பெரிய உறவினர்களான கோஷாக் பறவைகள் சுமார் 100 இணை கூடுகட்டுகின்றன. ஆனால் ஊருக்குள் வாழ்வதற்கு ஊரின் நஞ்சையும் தின்ன வேண்டிவரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் விதைக்கும் வயலுக்கும் தெளித்த பூச்சிமருந்துகள், அவற்றைத் தின்ற குருவிகள் வழியாக அந்த ஊர் வல்லூறுகளின் உடம்பில் சேர்ந்தன. டி.டி.டி.யால் முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே உடைவதை டெரக் ராட்கிளிஃப் 1967இல் எடுத்துக்காட்டினார். மருந்துகளுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகே பறவைகள் மீண்டன. இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989இல் தடைசெய்யப்பட்டது. மரச்சீனி விளையில் வைக்கும் எலிவிஷம் இன்னும் கடையில் கிடைக்கிறது. ரத்தம் உறையாமல் செய்யும் வகை விஷம் எலியின் ஈரலில் தங்கும். செத்துக்கொண்டிருக்கும் எலி, வேட்டைப் பறவைக்கு எளிதில் அகப்படும் எலி.

அதைவிடப் பெரிய மாற்றம் நிலத்தில்தான் நடக்கிறது. தாத்தா காலத்து ஒரு ஏக்கர் விளை, அப்பா காலத்தில் மூன்றாகி, இப்போது பத்து சென்ட், ஐந்து சென்டாக நிற்கிறது. ஐந்து சென்டில் வீடும் கார் நிறுத்துமிடமும் போக மிஞ்சும் இடத்தில் அயினி வளராது. முக்கோலையிலிருந்து காரோடு வரை புதிய நான்குவழிச் சாலை வந்த பிறகு எல்லையோரத்து மனை விலையையும் அறுப்பு மரத்தின் விலையையும் பேசாத டீக்கடை இல்லை. தேக்குக்கும் அயினிக்கும் பிலாவுக்கும் தச்சர்களிடம் எப்போதும் கிராக்கி. மரம் ஒன்று போனால் வல்லூறு அடுத்த விளைக்கு நகரும். அடுத்த விளையிலும் மரம் போனால் அதற்கடுத்தது.

ஏப்ரல், மே மாதங்களில் மரம் முறிக்க ஆள் வருவதற்கு முன், கவட்டில் சுள்ளிக் கூடு இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுவது நல்லது. வல்லூற்றுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. கூட்டைக் கலைப்பதும் குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். காற்றில் குஞ்சு கீழே விழுந்துகிடந்தால் சோறும் பாலும் ஊட்டத் தேவையில்லை. காயமில்லையென்றால் நாய், பூனைக்கு எட்டாத கிளையில் எடுத்துவைத்து விலகி நின்றால் போதும், தாயும் தகப்பனும் வந்து தீனி கொடுக்கும். காயம் இருந்தால் வனத்துறையைக் கூப்பிட வேண்டும். நெய்யாற்றின்கரைப் பக்கம் விழுந்த குஞ்சுக்குப் பருத்திப்பள்ளி வனச்சரகம். களியக்காவிளைப் பக்கம் விழுந்ததற்குக் கன்னியாகுமரி வனக்கோட்டம். இஞ்சிவிளையில் ஒரு மரத்தின் வேர் கேரளத்திலும் கிளை தமிழ்நாட்டிலுமாக நின்றால், குஞ்சு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துக்கொண்டு போன் செய்யலாம்.